இனாலுக் போட்ட கோடு

இனாலுக் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது அது ஒரு பொம்பளையின் பெயராக இருந்தது. என்னைக் கட்டிக்கொள்ள வந்த சகேயுஸ், எங்கள் வீட்டு வாசலில் நாய்களைக் கட்டிக்கொண்டே, "எங்கம்மா பேரு இனாலுக். நீ ஒண்ணும் பயப்படாதே" என்றார். பயப்படாதே என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

பயந்தது சரிதான். பதினோரு வருஷம் அந்த அம்மாளோடு ஒரே வீட்டில் இருந்தேன். நான் தைத்த சீல் தோல் காலணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "இந்தத் தையல்ல தண்ணி மட்டுமா வரும், சீலே திரும்ப உள்ளே வந்துரும்" என்பார். பிரித்துப் போட்டுவிட்டு, மறுபடி தை என்பார். யாராவது எதிர்த்துப் பேசினால் சண்டைக்கே வரமாட்டார். "காபி ஆறுது, உக்காரு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. ஊர்ப் பஞ்சாயத்தே அப்படி முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊரில் இன்றைக்கும் வாய்ச்சண்டை வந்தால் யாராவது அந்த வாசகத்தைச் சொல்லிக் காட்டுவார்கள்.

கடல் உறைய ஆரம்பித்த ஒரு மாதத்தில் என் மாமியார் போய்ச் சேர்ந்தார். மூன்று மாதம் கழித்து, எங்களுக்கு மூன்றாவது வீட்டில் ரெகினேக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ரெகினேயின் தாத்தாவும் என் அம்மாவின் சித்தப்பாவும் ஒரே கூடாரத்தில் வளர்ந்தவர்கள் என்பதைத் தவிர எங்களுக்குள் ரத்த உறவு கிடையாது. இது பின்னால் வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளை இரண்டு நாள் விடாமல் அழுதது. எங்களில் செத்தவர் பெயர் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்குப் போகும், பெயரோடு ஆளும் திரும்பி வந்ததாகத்தான் கணக்கு. பெயர் சரியாக விழாத பிள்ளை அப்படித்தான் அழும். முந்தின வருஷம் செத்துப்போனவர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் சொல்லிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. கடைசியில் ரெகினே, "இனாலுக்?" என்றாளாம். பிள்ளை வாயை மூடிக்கொண்டு, பால் எங்கே என்கிற மாதிரி அவளைப் பார்த்ததாம்.

சேதி வந்ததும் சகேயுஸ் ஒரு காலில் மட்டும் காலணியோடு ஓடினார். "அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டா!" அன்றிலிருந்து அவர் சீல் அடித்தால் ஈரலில் முதல் துண்டு அந்த வீட்டுக்குப் போகும், அவர் அம்மாவுக்கு ஈரல் பிடிக்கும் என்பதால். பிள்ளைக்குப் பல் முளைக்கும் வரை அதை ரெகினேதான் தின்று கொழுத்தாள்.

எனக்கும் கிடைத்தது. பதினோரு வருஷம் என்னை ஆட்டிவைத்த மாமியாருக்கு நான் மூக்குத் துடைத்துவிட்டேன், கால்சட்டை நாடா அவிழ்த்துவிட்டேன், சுவரோரம் ஒன்றுக்கிருக்க வைத்தேன். "என்ன அத்தை, இன்னிக்கும் நனைச்சுட்டீங்களா?" என்று கேட்பதில் இருந்த சுகத்தை நான் சாமி சத்தியமாக மறைக்கப் போவதில்லை.

பிள்ளை பேச ஆரம்பித்ததும் முறையோடு பேசினான். சகேயுஸை "மகனே" என்பான். என்னை "மருமகளே" என்பான். அவனுக்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த என் மகள் எகிலானா அவனைப் "பாட்டி" என்பாள். பாட்டியும் பேத்தியும் பனிச்சரிவில் வால்ரஸ் தோல்மேல் உட்கார்ந்து சறுக்கி, ஒருவர் பல்லை ஒருவர் உடைத்துக்கொள்வார்கள்.

வளர்ந்தான். நல்ல உயரம், நல்ல கை. ஒரே ஒரு குறை. வழி தவறிவிடுவான். கண்ணில் எது பட்டாலும் அதன் பின்னால் புத்தி போய்விடும். புத்தியின் பின்னால் நாய் வண்டி போய்விடும். சீல் மூச்சுவிடும் துளை ஒன்று, ஒரு காக்கை, வடிவமான ஒரு பனிக்கட்டி, போதும். ஒருமுறை முயல் வேட்டைக்குப் போனவன் மூடுபனியில் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே நின்று, "நம்ம தேவாலயத்துக்கு யாரு சிவப்புப் பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்டிருக்கிறான். வேட்டைக்காரன் ஊரில் இதைவிட அவமானம் கிடையாது.

இப்படி இருக்கையில் ஒருநாள் எகிலானா ஜன்னல் வழியாகப் பார்த்து, "இனாலுக் வர்றான்" என்றாள். பாட்டி வர்றா என்று சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. சகேயுஸுக்குப் புரிய இன்னும் எட்டு மாதம் ஆனது. அதுவும் அவன் நேரில் வந்து கேட்டதால்.

வந்து உட்கார்ந்தான். காபி குடித்தான். இன்னொரு காபி குடித்தான்.

"மகனே," என்றான், "உங்க பொண்ண எனக்குத் தருவீங்களா?"

சகேயுஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கம்மா என் பொண்ணைக் கட்டிக்கிறதா? நான் உனக்கு மகனா, மாமனாரா? நாளைக்கு ஒரு பிள்ளை பொறந்தா அது எனக்குப் பேரனா, தம்பியா?"

"ரெண்டுமா இருந்துட்டுப் போகட்டுமே."

"அது கிடக்கட்டும். கடைக்குப் போனவன் தேவாலயத்துல போய் சர்க்கரை கேட்டிருக்கே. என் பொண்ணு வீட்ல அடுப்பைப் பத்தவச்சுட்டுக் காத்திருப்பா, நீ எந்த ஊர் அடுப்புல குளிர் காய்வியோ!"

எகிலானா கதவை அறைந்துவிட்டு வெளியே போனாள். எங்கள் வீட்டுக் கதவு அதற்குப் பிறகு சரியாகச் சாத்த வரவே இல்லை.

அந்த வசந்தத்தில்தான் பிர்தே வந்தாள். கப்பல் இரண்டு தடவை வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம். டென்மார்க்காரி, நாற்பது வயதிருக்கும், காற்றில் வெந்த மூக்கு. ஊருக்குப் பின்னால் மேலே கிடக்கிறதே பெரும்பனி, அதற்கடியில் புதைந்து கிடக்கும் நிலத்துக்குப் படம் வரைய வந்திருப்பதாகச் சொன்னாள். மலை எங்கே, பள்ளம் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று. எங்கள் ஆட்கள் சிரித்தார்கள்.

"அங்க சீல் இருக்கா?" என்று கேட்டார் தோபியாஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் சொல்லுகிறவர், மற்ற நாட்களில் கேலி பேசுகிறவர்.

"இல்லை."

"பறவை?"

"இல்லை."

"அப்ப அந்த நிலம் பனிக்கடியிலயே இருக்கட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

பெரும்பனிக்கு எங்களில் யாரும் போவதில்லை. தின்ன எதுவும் இல்லாத இடத்துக்கு மனுஷன் எதற்குப் போவான்? ஆனால் பிர்தே கொண்டுவந்த மோட்டார் பனி வண்டிகள் இரண்டும் முதல் வாரத்திலேயே உயிரை விட்டுவிட்டன. அவளோடு வந்தவர் அந்தப் பிணங்களை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டரில் திரும்பிவிட்டார். இவள் மட்டும் நின்று, நாய் வண்டி ஓட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் கொண்டுவந்த அளவெடுக்கும் பெட்டியை இழுக்கிற வண்டி, வளையாமல், கோடு போட்ட மாதிரி நேராகப் போக வேண்டும். ஒரு கோடு போய், ஒரு கோடு திரும்பி, வயலை உழுகிற மாதிரி. வயல் என்றால் என்ன என்று அவளே படம் போட்டுக் காட்டினாள்.

"நான் வர்றேன்" என்றான் இனாலுக்.

ஊர்ப் பொதுக் கூடம் முழுக்கச் சிரித்தது. சகேயுஸுக்குச் சிரிப்போடு ஒரு யோசனையும் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கம்மா ஒவ்வொரு கோட்டையும் நேரா போட்டு முடிக்கட்டும். முடிச்சா இதே வாயால பொண்ணைத் தர்றேன். ஒண்ணு கோணிச்சுன்னாலும் இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது" என்றார்.

"எடுக்க மாட்டேன்" என்றான் அவன். எகிலானா அவனைப் பார்த்த பார்வையில் ஒரு சீல் செத்திருக்கும்.

அப்புறம் சகேயுஸும் தன் நாய்களைப் பூட்டினார். "நீங்க எதுக்குங்க?" என்றேன். "பெத்த தாயைத் தனியா பெரும்பனிக்கு அனுப்பிட்டு நான் இங்க உக்காந்து மீன் திங்கவா?" என்றார். கோடு கோணுகிறதா என்று கண்ணால் பார்க்கத்தான் போனார். எனக்குத் தெரியாதா?

ஐந்து வாரம் மேலே இருந்தார்கள். அங்கே நடந்தது எனக்கு நெடுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் நீங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனாலுக்கின் வண்டிக்குப் பின்னால் பெட்டி. அந்தப் பெட்டி பனிக்குள்ளே கூப்பிட்டுக்கொண்டே போகும். நம் காதுக்குக் கேட்காத கூப்பாடு. அடியில் இருக்கிற பாறை பதில் சொல்லும். பதில் சீக்கிரம் வந்தால் பாறை கிட்டத்தில் இருக்கிறது, தாமதமாக வந்தால் ஆழத்தில் இருக்கிறது. வண்டி போன தடத்தையும் பெட்டியே எழுதிக்கொள்ளும். ஆனால் வாயைத் திறந்து நமக்குச் சொல்லாது. அதைப் பிர்தேயின் கணினியில் போட்டால்தான் தெரியும்.

அதிசயம் என்னவென்றால், இனாலுக் அம்பு மாதிரி நேராகப் போனான். பெரும்பனியில் பார்க்க எதுவுமில்லையே! காக்கை இல்லை, துளை இல்லை, வடிவமான கட்டி இல்லை. புத்தி போவதற்கு இடமில்லாமல் அவனிடமே தங்கிவிட்டது. காற்று சீவிவிட்ட பனி வரிகள் மட்டும்தான் உண்டு. அவை எப்போதும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். அவற்றைச் சறுக்குக்கட்டை எந்தச் சாய்வில் வெட்டுகிறது என்று உட்காருமிடத்தாலேயே உணர்ந்து ஓட்டினான். அவன் சொன்னது அப்படித்தான்: "கண்ணை மூடிக்கிட்டேன் மருமகளே, பின்பக்கம் வழி சொல்லிச்சு."

சகேயுஸ் சங்கதி நேர்மாறு. கடல்பனியில் அவரைப்போல் வழி அறிந்தவர் எங்கள் கரையில் கிடையாது. ஆனால் அவர் வழி பார்ப்பதெல்லாம் மலைமுகட்டை வைத்து. இந்த முகடு அந்த முகட்டுக்குப் பின்னால் மறைந்தால் இங்கே திரும்பு, அப்படி. பெரும்பனியில் மலையெல்லாம் காலுக்கடியில் அல்லவா கிடக்கிறது!

நான்காவது வாரம் பிர்தே கூடாரத்தில் படுத்துவிட்டாள். சீல் தோலுக்குள் வைத்து மாதக்கணக்கில் புளிக்கவிட்ட பறவைகளை எங்கள் ஆட்கள் கொண்டுபோயிருந்தார்கள். ருசியாக இருக்கிறது என்று முதல் தடவையிலேயே ஒன்பது தின்றிருக்கிறாள். பிறந்ததிலிருந்து தின்கிற நானே நாலோடு நிறுத்திக்கொள்வேன். "நீங்க ரெண்டு பேரும் போய் இன்னிக்குக் கோட்டை முடிச்சுட்டு வாங்க. திரும்பி வர்ற வரைக்கும் பெட்டியை மட்டும் நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டாள்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. வானமும் பனியும் ஒன்றாகி, பால் பாத்திரத்துக்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "என் பின்னாலயே வாங்க, மகனே" என்றான் இனாலுக். மகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தேவாலயத்தைத் தொலைத்தவன் எனக்கு வழி காட்டுவதா என்று, குறுக்கே போனால் கூடாரம் என்று தன் கணக்கில் திருப்பினார்.

சிறிது தூரம் போய் இனாலுக் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமில்லை. அவன் நின்றான். கோடு நேராக முடிந்தால் எகிலானா. திரும்பினால் கோணல். அதை அவன் யோசித்தானா என்று நான் கேட்டிருக்கிறேன். "நாய் மூணு மூச்சு விடுற நேரம் யோசிச்சேன்" என்றான். பிறகு திருப்பிவிட்டான். பெரிய வட்டம் போட்டான், சின்ன வட்டம் போட்டான், கத்திக் கத்திக் குரல் போயிற்று. கடைசியில் தூரத்தில் நாய் குரைத்தது. போய்ப் பார்த்தால் சகேயுஸ், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்நாட்டுப் பக்கமாக, பாட்டுப் பாடியபடி ஜோராகப் போய்க்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு மாதம் அப்படியே போயிருந்தால் தீவின் அந்தப் பக்கம் இறங்கியிருப்பார்.

"கூடாரம் எந்தப் பக்கம் மகனே?"

"இதோ வந்தாச்சு, எதிர்லதான்."

இனாலுக் அவர் முன்னணி நாயின் கழுத்துக் கயிற்றைத் தன் வண்டியில் முடிந்தான். தாய் பிள்ளையைக் கைப்பிடித்து இழுத்துப்போகிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்தான். கூடாரம் கண்ணில் பட்டபோது சகேயுஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "இதை ஊர்ல சொல்லாதே" என்றார்.

"எதை?" என்றான் அவன். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து, ஹெலிகாப்டருக்குக் காத்திருந்த நாட்களில், பிர்தே பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்து படத்தை முடித்தாள். பிறகு பொதுக் கூடத்துச் சுவரில் தொங்கவிட்டாள். ஊர் முழுக்க வந்தது. காபி, கேக், கடித்துத் தின்னக் கொம்புத் திமிங்கிலத் தோல், எல்லாம் வைத்தாயிற்று. படத்தில் நீலமும் பழுப்புமாக மலையும் பள்ளமும் இருந்தன. கோடி வருஷமாக யாரும் பார்க்காத மலைகள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரும் மலையைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேலே கறுப்பாக ஓடிய வண்டித் தடத்தைத்தான் மூக்கு உரசப் பார்த்தார்கள்.

முதல் கோடு நேர். இரண்டாவது நேர். பத்து, பதினைந்து, ஈட்டிக் கயிறு இழுத்துப் பிடித்த மாதிரி. எகிலானா என் கையை நசுக்கினாள்.

"இதென்ன?" என்றார் தோபியாஸ்.

இருபத்து மூன்றாவது கோடு பாதிவரை வந்து, திரும்பி, ஒரு வட்டம், அதற்குள் ஒரு வட்டம், அப்புறம் கொழுப்புக் குடல் அவிழ்ந்த மாதிரி ஒரு இழுப்பு.

"அடேயப்பா! காத்தைத் துரத்திட்டுப் போனியா?"

"தேவாலயத்தைத் தேடியிருப்பான்!"

"சிவப்பா, பச்சையா இனாலுக்?"

கூரை பறந்தது. இனாலுக் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனுஷர் கோப்பைக்குள் முகத்தை விட்டு, இல்லாத காபியைக் குடித்துக்கொண்டே இருக்கிறார். காலியான கோப்பையை இவ்வளவு நேரம் குடிக்கிறவர் எதையோ விழுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எகிலானா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

அப்போது பிர்தே கையைத் தட்டினாள். "சிரிக்காதீங்க! இந்த மொத்தப் படத்துலயும் உருப்படியானது அந்த வளைவுதான்!"

அவள் சொன்னது இது. இருபத்து மூன்றுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவில் ஒரு மலை ஒளிந்திருக்கிறது. ஒற்றையாக, செங்குத்தாக. இரண்டு நேர்கோடும் அதன் இரண்டு பக்கமும் தொடாமல் போயிருக்கின்றன. வண்டி கோணியதால் அதன் தலைமேல் மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கிறது. நேராகப் போயிருந்தால் அது இருப்பதே தெரிந்திருக்காது.

"இதை யார் கண்டுபிடிச்சதுன்னு நான் எழுதணும். ஏன் திரும்பினே இனாலுக்?"

இனாலுக் யோசித்தான். "நாய் திரும்பிச்சு" என்றான்.

"எந்த நாய்?"

"முன்னாடி ஓடுறது. ஏப்பம்."

"பேரே ஏப்பமா? சரி" என்று பிர்தே எழுதுகோலை எடுத்தாள். "இந்த மலையைக் கண்டது ஏப்பம் என்கிற நாய்."

"நாயா!" சகேயுஸ் எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்து தோபியாஸ் கீழே விழுந்தார். "ஒரு மலையைக் கண்டுபிடிச்சவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், பேரு நாய்க்கா? அங்க முதல்ல போனது நான்! எனக்குப் பின்னாலதான் அவன் வந்தான்!"



வாசலில் நின்ற எகிலானா திரும்பினாள். "நீங்க அங்க எதுக்குப்பா போனீங்க?"

சகேயுஸ் படத்தைப் பார்த்தார். மலையை விடவும் மனசில்லை, வழி அறிந்தவர் என்ற பெயரை விடவும் மனசில்லை. கடைசியில் மலைதான் ஜெயித்தது.

"வழி... கொஞ்சம்... மாறிப்போச்சு" என்றார்.

அப்புறம் அந்தக் கூடத்தில் நடந்ததை என்னால் எழுத முடியாது. தோபியாஸ் விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார். "எங்க போனாரு? அந்தப் பக்கமா? கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?" என்று ஒவ்வொருவரும் இனாலுக்கை உலுக்கினார்கள். அவன் அப்போதும், "எனக்கு ஞாபகம் இல்லையே" என்றுதான் சொன்னான்.

சிரிப்பு அடங்கியதும் சகேயுஸ் பிர்தேயிடம், "சகேயுஸ் மலைன்னு எழுதும்மா" என்றார்.

நான் விடவில்லை. "உசிரோட இருக்கிறவங்க பேரை வைக்கிற வழக்கம் நம்ம கிட்ட உண்டா? செத்தாத்தானே பேரு போகும். இப்பவே சாகறதா இருந்தா சொல்லுங்க, எழுதிக்கட்டும்."

"இப்ப வேண்டாம்" என்றார்.

"அப்ப பொண்ணு விஷயம்?"

"கோடு கோணல்தானே" என்றார், சத்தமில்லாமல். "அதோட, எங்கம்மாவாச்சே. எப்படி?"

"வழி தெரியாம போன பிள்ளையைத் தேடிப்போய், கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றது வேற யாரு செய்வா? அம்மாதான். அவ்வளவு தூரம் வந்த அம்மா ஒண்ணு கேட்டா, இல்லேங்கிறதா?"

சகேயுஸ் இனாலுக்கைப் பார்த்தார். இருபத்து நாலு வயது, காதெல்லாம் சிவந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான். "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார். நிஜமாகவே தன் அம்மாவைக் கேட்கிற குரலில்தான் கேட்டார்.

இனாலுக் காபிப் பானையை எடுத்து அவருடைய காலிக் கோப்பையில் ஊற்றினான்.

"காபி ஆறுது மகனே, உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார்.

பிர்தேயின் படத்தில் அந்த மலைக்கு ஒரு எண்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சகேயுஸ் தொலைந்த இடம். அவர் செத்து ஐந்து வருஷம் ஆகிறது. கடைசிவரை அந்தப் பெயரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் புதிதாக யாராவது ஊருக்கு வந்தால் அவரே கூட்டிப்போய்ப் படத்தில் காட்டுவார். அவர் பெயர் இப்போது இனாலுக்கின் கடைசிப் பையனுக்கு. என்னைக் கண்டால் கேக் கேட்டு அடம்பிடிக்கிறான். என் புருஷனும் அப்படித்தான்.

இனாலுக்கை நான் இன்றைக்கும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். மருமகன் என்று ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்குமே கூச்சமாகப் போய்விட்டது.

இப்போது அவனும் எகிலானாவும் கானாக் ஊரில், கடைக்குப் பின்னால் இருக்கிற நீல வீட்டில் இருக்கிறார்கள். பதினொரு நாய்கள் வைத்திருக்கிறான். நேற்று மீன் பிடிக்கக் கடல்பனிக்குப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும், திங்கள் வந்தாலும் வருவான்.